உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தேடி எடுப்பது, படிப்பது, உங்கள் வழக்கில் காட்டுவது

"உயர் நீதிமன்றம் அதிரடித் தீர்ப்பு" என்று செல்போனுக்கு வந்து விழும் செய்திகளில் பெரும்பாலும் வழக்கு எண் இருக்காது. எந்தச் சட்டப் பிரிவின்கீழ் போட்ட மனு என்பதும் இருக்காது. இவை இரண்டும் தெரியாமல் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவுமா என்று எந்த வக்கீலாலும் சொல்ல முடியாது. ஒரே நீதிபதி முன்ஜாமீன் மனுவில் சொல்வதற்கு ஒரு எடை, இரண்டாம் மேல்முறையீட்டில் சொல்வதற்கு வேறு எடை. தீர்ப்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன், எந்த அதிகாரத்தின்கீழ், வழக்கின் எந்தக் கட்டத்தில் சொல்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். சிவில், கிரிமினல், சர்வீஸ் (அரசுப் பணி) வழக்குகள் மூன்றுக்கும் இதுதான் முதல் பாடம்.

வழக்கு நடத்துபவர்கள், புதிதாகக் கோட்டுப் போட்ட ஜூனியர்கள், ஊழியர் சங்கப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தும் மதுரைக் கிளையிலிருந்தும் எடுத்தவை.

முதலில் எண்ணைப் பிடியுங்கள்

செய்தியில் நீதிபதி பெயரும் ஏறக்குறைய ஒரு தேதியும் இருக்கும். அது போதும். இ-கோர்ட்ஸின் தீர்ப்புத் தேடல் தளத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, நீதிபதி பெயரையும் தேதி வரம்பையும் கொடுங்கள். தீர்ப்பு சொன்ன நாளுக்கும் செய்தி வரும் நாளுக்கும் இடையே பல நாள் இடைவெளி விழுவது சகஜம். அதனால் செய்தித் தேதிக்கு முன்னால் மூன்று, நான்கு வாரமாவது வரம்பை நீட்டி வையுங்கள். மனுதாரர் பெயரை வைத்துத் தேடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். சட்டப் பிரிவு எண்ணோடு தீர்ப்பில் வரக்கூடிய ஒரு சொற்றொடரைச் சேர்த்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

எண் கிடைத்ததும் அதன் முன்னெழுத்தைப் பாருங்கள். டபிள்யூ.பி. என்றால் ரிட் மனு, டபிள்யூ.ஏ. என்றால் ரிட் மேல்முறையீடு. எஸ்.ஏ. இரண்டாம் மேல்முறையீடு, ஏ.எஸ். முதல் மேல்முறையீடு, சி.ஆர்.பி. சிவில் சீராய்வு, எச்.சி.பி. ஆட்கொணர்வு மனு. எண்ணுக்கு முன் எம்.டி. என்று இருந்தால் அது மதுரைக் கிளை வழக்கு. அதை விட்டுவிட்டுத் தேடினால் அதே எண்ணில் சென்னையில் உள்ள வேறு யாருடைய வழக்கோ வந்து நிற்கும். கிரிமினல் ஓ.பி. என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். ஜாமீன், முன்ஜாமீன், வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு எல்லாமே சென்னையில் இந்த ஒரே தலைப்பில்தான் எண்ணிடப்படுகின்றன. எந்த வகை என்பதை மனுவில் உள்ள சட்டப் பிரிவுதான் சொல்லும்.

2023 முதல் "2023:எம்.எச்.சி." என்பதுபோல் ஆண்டையும் வரிசை எண்ணையும் கொண்ட நடுநிலை மேற்கோள் எண்ணும் தீர்ப்புகளுக்குத் தரப்படுகிறது. எந்தச் சட்ட இதழுக்கும் சந்தா கட்டாதவர்கள் இந்த எண்ணைக் குறித்துவைத்தாலே போதும்.

முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

முதல் பக்கத்தில் பெயர்ப் பட்டியலுக்குக் கீழே "பிரேயர்" என்று ஒரு பத்தி இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் மேல்முறையீடாக இருந்தால், மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தின் ஓ.எஸ். (அசல் வழக்கு) எண், அதன்மேல் சார்பு நீதிமன்றம் கொடுத்த ஏ.எஸ். தீர்ப்பு, அது முன்சீப் தீர்ப்பை உறுதி செய்ததா அல்லது மாற்றியதா என்பது ஒரே வாக்கியத்தில் இருக்கும். இரண்டு நீதிமன்றங்களும் ஒரே முடிவுக்கு வந்திருந்தால் உயர் நீதிமன்றம் தலையிட இடம் மிகக் குறைவு. ரிட் மனுவாக இருந்தால், எந்த அலுவலரின் எந்தத் தேதியிட்ட உத்தரவை எதிர்க்கிறார்கள் என்பதும், ஒரு செயலைச் செய்யச் சொல்லிக் கேட்கும் வெறும் மாண்டமஸா, அல்லது உத்தரவை ரத்து செய்து அதன் தொடர்ச்சியாகப் பலனும் கேட்கும் சர்ஷியோரரிஃபைட் மாண்டமஸா என்பதும் அங்கே இருக்கும்.

அடுத்து நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். சென்னைத் தீர்ப்புகளின் முடிவில் "இண்டெக்ஸ்: எஸ்/நோ", "ஸ்பீக்கிங் ஆர்டர்/நான்-ஸ்பீக்கிங் ஆர்டர்" என்று சின்ன வரிகள் வரும். காரணம் சொல்லாத உத்தரவு என்று குறித்திருந்தால், அதை முன்னுதாரணமாகத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. அதற்கு மேலே உள்ள இறுதிப் பத்தியில்தான் உண்மையான முடிவு இருக்கும்.

அந்த இறுதிப் பத்தியில் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது ஒரு குறிப்பிட்ட வகை உத்தரவில். "வழக்கின் தகுதிக்குள் போகாமல், மனுதாரரின் கோரிக்கை மனுவைச் சட்டப்படி பரிசீலித்து 12 வாரத்துக்குள் உத்தரவு பிறப்பிக்க எதிர்மனுதாரருக்கு உத்தரவிடப்படுகிறது" என்று இருக்கும். ஜெயித்துவிட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். நீதிமன்றம் உரிமை எதையும் கொடுக்கவில்லை. பதில் சொல்லுங்கள் என்று மட்டுமே சொல்லியிருக்கிறது. அலுவலர் 12 வாரத்துக்குள் மறுத்து உத்தரவு போட்டாலும் அவர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவரே. காலாவதியான கோரிக்கைக்கு இப்படி ஒரு பரிசீலனை உத்தரவு வாங்கி அதன்மூலம் புதிதாக வழக்குக் காரணம் உண்டாக்க முடியாது என்று 2008இல் ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடுத்தவர் வாங்கிய இத்தகைய உத்தரவை உங்கள் மனுவில் முன்னுதாரணமாகச் சேர்க்காதீர்கள்.

நடுப்பக்கங்களைப் படிக்கும்போது யார் பேசுகிறார்கள் என்று பத்திக்குப் பத்தி பென்சிலால் குறியுங்கள். மனுதாரர் வக்கீலின் வாதம், அரசு வக்கீலின் வாதம், மேற்கோள் காட்டப்பட்ட பழைய தீர்ப்பு, கடைசியாக நீதிமன்றத்தின் கருத்து என்று வரும். வக்கீல் வாதத்தை வெட்டி எடுத்து "நீதிமன்றம் கூறியது" என்று மனுவில் போடுவது அடிக்கடி நடக்கிறது. எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டினால் நீங்கள் சொல்லும் மற்றதையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

சிவில்: எந்த வாசல் வழியாக வந்தது?

இரண்டாம் மேல்முறையீடு சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 100இன்கீழ் வருவது. சட்டம் பற்றிய முக்கியக் கேள்வி இருந்தால்தான் விசாரணைக்கே ஏற்பார்கள். அந்தக் கேள்விகளைத் தீர்ப்பில் எண்ணிட்டு எழுதியிருப்பார்கள். முதலில் அவற்றைப் படித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் என்று தேடுங்கள். அந்தப் பதில்தான் தீர்ப்பின் சாரம். சாட்சி இப்படிச் சொன்னார், பட்டா அப்படி இருந்தது என்பதெல்லாம் அந்த வழக்கோடு முடிந்துவிடும்.

2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரு இரண்டாம் மேல்முறையீட்டில் தந்த தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணம், ஊரில் மனைவி குடும்பத்தைக் கவனித்தது, அந்தக் காலத்தில் வாங்கிய சொத்துகள் இவைதான் பிரச்சினை. வீட்டைக் கவனிக்கும் மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்பே, எனவே அந்தச் சொத்துகளில் அவருக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பு வந்தது. மதிப்பு மிக்க தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் "கணவர் சொத்தில் மனைவிக்குப் பாதி" என்று அதைச் சுருக்கிவிட்டார்கள். அது விவாகரத்து வழக்கில் வந்த உத்தரவு அல்ல. மனைவியின் இத்தகைய பங்களிப்பை அங்கீகரிக்கும் நேரடிச் சட்டம் எதுவும் இல்லை என்பதைத் தீர்ப்பே சொல்கிறது. இதை நீங்கள் பயன்படுத்த வேண்டுமானால் உங்கள் வழக்குரையில் சொத்து வாங்கிய தேதி, பணம் வந்த வழி, அந்தக் காலத்தில் குடும்பம் நடந்த விதம், இவற்றுக்கான ஆவணம் ஆகியவை இருக்க வேண்டும். திருமணத்துக்கு முன் வாங்கியதற்கோ பூர்வீகமாக வந்ததற்கோ இது பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சி.ஆர்.பி.யில் வரும் தீர்ப்புகள் வேறு ரகம். பெரும்பாலும் அரசியலமைப்பின் 227ஆம் உறுப்பின்கீழ், கீழமை நீதிமன்றம் வரம்பு மீறியதா என்று மட்டும் பார்த்துச் சொல்பவை. சிவில் நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்த்து 226இன்கீழ் ரிட் போட முடியாது, 227தான் வழி என்று உச்ச நீதிமன்றம் 2015இல் ராதே ஷ்யாம் வழக்கில் முடிவு செய்துவிட்டது. அதற்கு மாறாகச் சொன்ன 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பை இன்னும் காட்டுபவர்கள் உண்டு. ஆண்டைப் பாருங்கள்.

கிரிமினல்: 482இல் தடுமாறாதீர்கள்

2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) நடைமுறைக்கு வந்துவிட்டது. வழக்கை ரத்து செய்யக் கோரும் பழைய 482 இப்போது 528 ஆகிவிட்டது. புதிய சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன், அதாவது பழைய 438. ஜாமீனுக்கான பழைய 439 இப்போது 483. எனவே "482" என்று தேடினால் 2024க்கு முந்தையவற்றில் ரத்து மனுக்களும் பிந்தையவற்றில் முன்ஜாமீன் மனுக்களும் கலந்து வரும். குற்றம் 2024 ஜூலைக்கு முன் நடந்திருந்தால் குற்றப் பிரிவுகள் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின்படியே இருக்கும், மனு மட்டும் புதிய எண்ணில் இருக்கலாம். குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே வழக்கில் வருவது சாதாரணம்.

ஜாமீன் உத்தரவுகளில் "இவருக்கு எதிராக முகாந்திரம் இல்லை" என்று இருந்தாலும் அதை விசாரணையில் காட்ட முடியாது. அந்தக் கருத்து அந்த மனுவுக்கு மட்டும்தான்.

ரத்து மனுவில் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1990இல் சொல்லி, சட்ட இதழ்களில் 1992 என்று குறிக்கப்படும் பஜன்லால் தீர்ப்பு இன்றும் அடிப்படை. அதில் ஏழு வகைகள் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டுள்ளன. புகாரில் உள்ளதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் ஆகுமா என்பதே சோதனை. "நான் அந்த நேரத்தில் அங்கே இல்லை" என்பது விசாரணை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய வாதம். இதைச் சொல்லி ரத்து கேட்டால் மனு தள்ளுபடியாகும். தள்ளுபடி உத்தரவிலேயே நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கோ, குறித்த மாதங்களுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்லும் வரியோ இருக்கலாம். முழுவதும் படியுங்கள்.

சமரசத்தால் ரத்து கேட்பவர்கள் 2012ஆம் ஆண்டின் கியான் சிங் தீர்ப்பைக் காட்டுவார்கள். கணவன் மனைவி தகராறு, கொடுக்கல் வாங்கல் போன்றவை ரத்தாகலாம். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவை சமரசத்தால் ரத்தாகாது. இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனு, அடையாள அட்டை நகல், புகார்தாரர் நேரிலோ காணொளியிலோ வருவது ஆகியவை தயாராக இல்லாததால்தான் இந்த வழக்குகள் வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கின்றன.

குற்றப்பத்திரிகை காலத்தில் தாக்கல் ஆகாததால் கிடைக்கும் ஜாமீனில் ஒவ்வொரு நாளும் முக்கியம். கடும் குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளும் கணக்கில் சேரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனு போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் சோம்பினால் உரிமை போய்விடும்.

சர்வீஸ்: மன்றம், காலம், "எனக்கும் அதே போல"

மற்ற மாநிலத் தீர்ப்பைப் படிக்கும்போது அங்கே மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறதா என்று கவனியுங்கள். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது இல்லை. ஆகவே மாநில அரசு ஊழியர் நேராக ரிட் மனு போடுகிறார். மத்திய அரசு ஊழியர் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கே போக வேண்டும். 1997இன் சந்திரகுமார் தீர்ப்புக்குப் பிறகு அதன் உத்தரவை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் எதிர்க்கலாம். தீர்ப்பாயத்துக்குப் போக ஓராண்டுக் கெடு உண்டு.

பணியிடை நீக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரவில்லை என்றால் பணியிடை நீக்கம் நீடிக்கக் கூடாது என்று 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மட்டும் காட்டி மனுப் போட்டால் போதாது. மூன்று மாதம் கடந்துவிட்டது என்பதற்காகவே எல்லா வழக்கிலும் தானாக ரத்தாகிவிடாது, வழக்கின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு (மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள்) 2022இல் அதை விளக்கியிருக்கிறது. லஞ்ச வழக்கில் பிடிபட்டவருக்கும் கோப்பில் தாமதம் செய்தவருக்கும் ஒரே பதில் வராது. 17(ஆ) குறிப்பாணை (கடும் தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை) தரப்பட்டதா, எப்போது, பிழைப்பூதியம் வருகிறதா, மறுஆய்வு நடந்ததா என்ற விவரங்களை மனுவில் தேதியோடு எழுதுங்கள்.

கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைப் பிடித்தம் செய்வதில் 2014 டிசம்பரில் வந்த ரஃபிக் மசீ தீர்ப்பு ஊழியர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் கொடுத்துவந்த தொகை முதலியவற்றில் பிடித்தம் கூடாது என்றது. ஆனால் ஊதிய நிர்ணயத்தின்போது "கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை மாறும். 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அப்படி உறுதிமொழி தந்த அதிகாரியிடம் பிடித்தம் செய்யலாம் என்று தீர்ப்பானது. பணிப்பதிவேட்டில் அந்த உறுதிமொழிக் காகிதம் இருக்கிறதா என்று பார்க்காமல் வழக்குப் போட்டால் அரசுத் தரப்பு முதல் வாய்தாவிலேயே அதை எடுத்துக் காட்டும்.

தினக்கூலி, தற்காலிக ஊழியர் நிரந்தரம் கேட்கும் வழக்குகளில் விதிப்படி தேர்வாகாதவர்களை நிரந்தரமாக்க முடியாது என்ற 2006இன் உமாதேவி தீர்ப்பைச் சொல்லியே பலகாலம் மறுத்துவந்தார்கள். 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில், நீண்டகாலம் நிரந்தரத் தன்மையுள்ள வேலை செய்தவர்களைத் தட்டிக்கழிக்க உமாதேவியைக் கேடயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜக்கோவுக்குப் பிந்தைய உயர் நீதிமன்றத் தீர்ப்பா, முந்தையதா என்று பார்த்துப் படிக்க வேண்டிய இடம் இது.

காலதாமதம் பற்றி ஒன்று. ஓய்வூதியம் மாதாமாதம் குறைவாக வருவது தொடரும் தவறு. தாமதமாகக் கேட்டாலும் கிடைக்கும், ஆனால் நிலுவை பொதுவாக மனு போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டுமே. 2008இன் தர்சேம் சிங் தீர்ப்பு இதைச் சொல்கிறது. பதவி உயர்வும் பணிமூப்பும் அப்படியல்ல. மற்றவர்களைப் பாதிக்கும் என்பதால் தாமதத்தை ஏற்கமாட்டார்கள். சக ஊழியர் ஜெயித்த பிறகு பல ஆண்டு கழித்து "எனக்கும் அதே போல" என்று வருபவர்களை முடிவு தெரியட்டும் என்று வேலிமேல் உட்கார்ந்திருந்தவர்கள் என்றே நீதிமன்றம் பார்க்கும். தீர்ப்பு அந்த வகுப்பினர் எல்லாருக்கும் என்று சொல்லியிருந்தால் நிலைமை வேறு.

அந்தத் தீர்ப்பு இன்று உயிரோடு இருக்கிறதா?

இதைச் சோதிக்காமல் எந்தத் தீர்ப்பையும் கையில் எடுக்காதீர்கள். 2024 ஜனவரியில், சிறார் ஆபாசக் காணொளியைத் தனிப்பட்ட முறையில் பார்ப்பது குற்றமாகாது என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. நாடு முழுவதும் செய்தியானது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. முந்தைய தீர்ப்பின் பி.டி.எஃப். இன்னும் இணையத்தில் அப்படியேதான் கிடக்கிறது. மேலே எந்த முத்திரையும் இருக்காது. பதிவுத் துறை விதி 55-ஏவும் இப்படித்தான். முந்தைய மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற பகுதியை 2025 ஏப்ரல் 7இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றத்தில் திருத்த மசோதா நிறைவேறியது. தீர்ப்பு, மேல் தீர்ப்பு, சட்டத் திருத்தம் மூன்றையும் பார்த்தால்தான் இன்றைய நிலை தெரியும்.

சோதிக்கும் முறை எளிது. தனி நீதிபதியின் தீர்ப்பானால், அதே தரப்பினர் பெயரில் டபிள்யூ.ஏ. அல்லது மறுஆய்வு மனு எண்ணிடப்பட்டதா என்று வழக்கு நிலைப் பக்கத்தில் தேடுங்கள். பிறகு உச்ச நீதிமன்றத் தளத்தில், உயர் நீதிமன்ற வழக்கு எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதி உண்டு. சிறப்பு அனுமதி மனு (உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு) ஒரே வரியில் தள்ளுபடியாகியிருந்தால், உச்ச நீதிமன்றமே உயர் நீதிமன்றக் கருத்தை ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல என்பதை 2000ஆம் ஆண்டின் குஞ்ஞையம்மது தீர்ப்பு விளக்குகிறது.

எடை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். முழு அமர்வு சொன்னது இரு நீதிபதிகள் அமர்வைக் கட்டுப்படுத்தும், அவர்கள் சொன்னது தனி நீதிபதியைக் கட்டுப்படுத்தும். சம எண்ணிக்கை அமர்வு ஒன்று மாறுபட நினைத்தால் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும். கேரளம், பம்பாய் உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளை இங்கே காட்டலாம், ஆனால் கட்டுப்படுத்தாது.

நகலும் கெடுவும்

இணையத்தில் இறக்கியதைப் படிக்கலாம், மேற்கோள் காட்டலாம். மேல்முறையீட்டுக்குச் சான்றிட்ட நகல் தேவை. வழக்கமான கெடுக்கள் இவை:

- இரண்டாம் மேல்முறையீடு: 90 நாள்
- தனி நீதிபதியின் ரிட் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு: 30 நாள்
- மறுஆய்வு மனு: 30 நாள்
- தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் மேல்முறையீடு: 60 நாள் (மரண தண்டனையானால் 30)
- உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு: 90 நாள்
- உத்தரவை நிறைவேற்றாததற்கு நீதிமன்ற அவமதிப்பு மனு: ஓராண்டு

நகல் தயாராகும் காலத்தைக் கெடுவிலிருந்து கழிப்பார்கள். ஆனால் நகல் மனு போட்ட நாளிலிருந்துதான். 90 நாள் கெடுவில், தீர்ப்பு வந்து 80 நாள் கழித்து நகல் கேட்டால், நகல் தயாரானபின் 10 நாளே மிச்சம். நகலின் பின்புறம் மனு போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி, பெற்ற தேதி எல்லாம் இருக்கும். முத்திரைத்தாள் கட்டுவதில் நீங்கள் செய்த தாமதம் உங்கள் கணக்கில்தான் விழும். தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் அப்படியே. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள், மேல்முறையீடு செய்வதா என்று பிறகு யோசிக்கலாம்.

மனுவில் சேர்க்கும்போது

பத்துத் தீர்ப்புகளைக் கொட்டாதீர்கள். உங்கள் உண்மைகளுக்கு நெருங்கிய இரண்டு, அவற்றுக்கு மேலுள்ள உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று போதும். ஒவ்வொன்றுக்கும் வழக்கு எண், தேதி, அமர்வு, பத்தி எண் எழுதுங்கள். பத்தியை வெட்டாமல் முழுவதாகத் தாருங்கள், தீர்ப்பின் முழு நகலையும் இணைத்து எதிர்த்தரப்புக்கும் ஒரு படி கொடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத தீர்ப்புக்கு எண்ணும் தேதியும் கற்பித்துத் தருகின்றன. நீதிமன்றத் தளத்தில் உங்கள் கண்ணால் திறந்து பார்க்காத எதையும் சேர்க்காதீர்கள். உங்களுக்கு எதிரான தீர்ப்பு ஒன்று இருப்பது தெரிந்தால் அதையும் வக்கீலிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அது எந்த உண்மையில் உங்கள் வழக்கிலிருந்து வேறுபடுகிறது என்று எழுத அவருக்கு அவகாசம் கிடைக்கும்.